செருகுநிரல் புராணம்: "இதை நிறுவினால்தான் தெரியும்"

இணைய வரலாறுன்னு யாராவது எழுத உட்கார்ந்தா நெட்ஸ்கேப் கதை, மைக்ரோசாஃப்ட் கதை, கூகிள் கதைன்னு கம்பெனிக் கதையாவே போயிடும். இந்தப் பதிவில் அந்தப் பெரிய ஆட்களைக் கொஞ்சம் ஓரமா உட்கார வச்சிட்டு, ஒரு சின்ன அறிவிப்பின் கதையைச் சொல்லலாம்னு இருக்கேன். "இந்தப் பக்கத்தைப் பார்க்க இன்ன நிரல் தேவை, நிறுவ இங்கே சொடுக்கவும்" என்கிற அறிவிப்பு. 1996 வாக்கில் பிறந்தது, 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கிட்டத்தட்ட செத்துப்போனது. இடைப்பட்ட இருபத்தைந்து வருடத்தில் பொட்டி முன்னாடி உட்கார்ந்த அத்தனை பேருக்கும் அது ஒரு பழக்கத்தைக் கத்துக்கொடுத்தது: பெட்டி தோன்றினா 'ஆம்' அமுக்கு. அந்தப் பாடத்துக்கு நாம என்ன விலை கொடுத்தோம் என்பதுதான் விஷயம். நீளமான பதிவு, டீயோ காபியோ கையில் வச்சுக்குங்க :-)

முதலில் ஒரு சொல் விளக்கம். பிளக்-இன் என்பதை நம்ம ஆட்கள் செருகுநிரல்னு சொல்றோம். எக்ஸ்டென்ஷன் என்பது நீட்சி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறது இன்னிக்கும் நடக்குது. நீட்சி என்பது உலாவியின் குணத்தை மாத்துறது. விளம்பரத்தைத் தடுக்கும், தமிழில் தட்டச்ச விடும், இப்படி. செருகுநிரல் வேற ஜாதி. உலாவிக்குப் புரியாத ஒரு கோப்பு வந்தா, பக்கத்துக்கு நடுவில் ஒரு செவ்வகத்தை வாங்கிக்கிட்டு "இதை நான் பார்த்துக்கிறேன்"னு உள்ளே வந்து உட்காரும் தனி நிரல். ஃப்ளாஷ், ரியல்பிளேயர், குயிக்டைம், ஜாவா, அக்ரோபேட் எல்லாம் இந்த வகை. ஒண்ணை மனசில் வச்சுக்கணும். அது உங்க கணினியில் நீங்க என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையும் செய்யக்கூடிய நிரல். உங்க கோப்பைப் படிக்கலாம், அழிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தா ஆடும் பொம்மைப் படம் மாதிரிதான் இருக்கும்.

இதுக்கு முன்னாடி, மொசைக் உலாவி காலத்தில் (1993), 'உதவி நிரல்'னு ஒண்ணுதான் இருந்தது. ஒலிக்கோப்பைச் சொடுக்கினா அது இறங்கி முடிஞ்சு, வேற ஒரு சன்னலில் வேற ஒரு நிரல் திறந்து பாடும். வழங்கி அனுப்புற ஒவ்வொரு கோப்பின் மேலும், பார்சல் மேல ஒட்டின லேபிள் மாதிரி, 'இது இன்ன வகை'ன்னு ஒரு குறிப்பு இருக்கும். அந்த வகைக்கு எந்த நிரல்னு நீங்கதான் ஒரு பட்டியலில் எழுதி வைக்கணும். தெரிஞ்சவன் எழுதினான். தெரியாதவன் "கோப்பை எங்கே சேமிக்க?"ன்னு கேட்ட பெட்டியையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தான்.

அடோபியில் அக்ரோபேட் குழுவில் இருந்த ஆலன் பாட்ஜெட் என்பவருக்கு இது பிடிக்கலை. பிடிஎஃப் கோப்பு உலாவிக்கு உள்ளேயே திறக்கணும்னு தானாவே ஒரு ஒட்டுவேலை செஞ்சு காட்டினார். அதைப் பார்த்த நெட்ஸ்கேப், பிடிஎஃபுக்கு மட்டும் ஏன், யார் வேணா வந்து சொருகிக்கிற மாதிரி ஒரு பொதுவான துளை வச்சிடலாம்னு முடிவு பண்ணியது. 1996 தொடக்கத்தில் வந்த நேவிகேட்டர் 2.0-வில் அந்தத் துளை இருந்தது. என்பிஏபிஐ-ன்னு பின்னாடி பிரபலமான இடைமுகம் இதுதான். அடுத்த இருபது வருடம் மற்ற உலாவிகளும் இதையே கட்டிக்கிட்டு அழுதன.

துளை வச்சாச்சு. ஆனா உள்ளே சொருக வேண்டியது யார்? நீங்களும் நானும்! இங்கேதான் நம்ம அறிவிப்பு பிறக்குது.

* * *

நெட்ஸ்கேப்பில் ஒரு செருகுநிரல் இல்லைன்னா அந்த இடத்தில் ஒரு புதிர்த்துண்டுப் படம் வரும். குழந்தைகள் விளையாடுற பஸில் துண்டு. நல்ல கற்பனைதான், ஏதோ ஒரு துண்டு குறையுதுன்னு சொல்லாமச் சொல்லுது. ஆனா எந்தத் துண்டு, அது எங்கே கிடைக்கும், போட்டா என்ன ஆகும்னு ஒண்ணும் சொல்லாது. வலைப்பக்கம் எழுதுறவர் நிரலில் 'இந்தச் செருகுநிரல் கிடைக்குமிடம் இது'ன்னு ஒரு முகவரி கொடுக்க வழி இருந்தது. பாதிப் பேர் கொடுக்கவே மாட்டாங்க.

கொடுத்தாலும் அப்ப அது சுலபமான வேலையா? 28.8 மோடத்தில் கணக்குப் போட்டுப் பாருங்க. நூற்றுக்கு நூறு வேகம் கிடைச்சாலும் விநாடிக்கு 3.6 கிலோபைட். ஒரு மெகாபைட் இறக்க அஞ்சு நிமிஷம் ஆகும். நடுவில் வீட்டில் யாராவது போனை எடுத்தா முதலிலிருந்து. இறங்கினதும் உலாவியை மூடணும், நிறுவியை ஓட்டணும், உலாவியைத் திரும்பத் திறக்கணும், எந்தப் பக்கத்தைப் பார்க்க வந்தோமோ அதன் முகவரியை ஞாபகம் வச்சுத் திரும்பப் போகணும். பாதி வழியில் எத்தனை பேர் கழண்டுக்கிட்டிருப்பாங்க!

ஃப்ளாஷ் ஜெயிச்சதுக்குப் பெரிய காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். ஜொனாதன் கேயின் ஃபியூச்சர்வேவ் கம்பெனி ஃபியூச்சர்ஸ்பிளாஷ்னு 1996-ல் வெளியிட்டதை, அந்த வருடக் கடைசியில் மேக்ரோமீடியா வாங்கி ஃப்ளாஷ்னு பேர் மாத்தியது. மேக்ரோமீடியாகிட்ட ஏற்கெனவே ஷாக்வேவ் இருந்தது, சக்தியும் அதுக்கு அதிகம். ஆனா ஃப்ளாஷ் செருகுநிரல் ரொம்பச் சின்னது. படங்களைப் புள்ளி புள்ளியா அனுப்பாம கோடுகளின் கணக்கா அனுப்புறதால கோப்பும் சின்னது. 'நிறுவ இங்கே சொடுக்கவும்'னு சொன்னா, வந்தவர் கோபப்படுறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். நிறுவுற தொல்லை குறைவா இருந்தது ஜெயிச்சது, அவ்வளவுதான்.

அப்புறம் வந்த கூத்து உங்களுக்கே தெரியும். முகப்புக்கு முன்னாடி ஒரு முகப்பு. 'ஃப்ளாஷ் உள்ளவர்கள் இந்த வாசல், இல்லாதவர்கள் அந்த வாசல்'. தன் கணினியில் ஃப்ளாஷ் இருக்கா இல்லையான்னு வர்றவருக்கு எப்படித் தெரியும்? ஹோட்டலுக்குச் சாப்பிட வந்தவரிடம் "எங்க அடுப்பு கேஸா விறகா, எந்தச் சமையல் வேணும்?"னு கேட்ட மாதிரி. ஜேக்கப் நீல்சன் 2000 அக்டோபரில் ஃப்ளாஷ் 99 சதவீதம் கெட்டதுன்னு தலைப்பு வச்சுக் கட்டுரை எழுதினார். கொஞ்சம் காரம் ஜாஸ்தி, ஆனா அந்த ரெண்டு வாசல் பக்கங்களைப் பார்த்தவங்களுக்கு அவர் கோபம் புரியும்.

* * *

நெட்ஸ்கேப்பின் வழி கஷ்டமான வழி. 1996 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3-ஓடு வந்த ஆக்டிவ்எக்ஸ் சுலபமான வழி. எனக்கு அந்தச் சுலபத்து மேலதான் சந்தேகம்.

ஆக்டிவ்எக்ஸில் உலாவியை மூட வேண்டாம், கோப்பைத் தேட வேண்டாம். பக்கத்தைத் திறந்ததும் ஒரு பெட்டி வரும். இன்ன நிறுவனம் கையெழுத்திட்ட இன்ன நிரலை நிறுவி ஓட்டவா? ஆம், இல்லை. கீழே 'இந்த நிறுவனத்தை எப்பவும் நம்பு'ன்னு ஒரு சின்னக் கட்டம் வேற. 'ஆம்' அமுக்கினா முடிஞ்சது. அந்தக் கையெழுத்து என்ன சொல்லுதுன்னு எத்தனை பேர் யோசிச்சோம்? நிரல் நல்லதுன்னு அது சொல்லலை. இதைச் செஞ்சது இன்னார், வழியில் யாரும் மாத்தலைன்னு மட்டும்தான் சொல்லுது. கடிதத்தில் கையெழுத்து உண்மையா இருந்தா கடிதத்தில் இருக்கிற விஷயமும் உண்மையாயிடுமா?

இதை நிரூபிக்க ஆட்கள் காத்துக்கிட்டேதான் இருந்தாங்க. ஃப்ரெட் மெக்லைன் என்கிற நிரலாளர் 1996-லேயே 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோடர்'னு ஒரு ஆக்டிவ்எக்ஸ் நிரல் எழுதி, முறைப்படி கையெழுத்தும் வாங்கிப் போட்டார். பக்கத்தைத் திறந்தா விண்டோஸ் 95 தானாவே அணைஞ்சுடும். அது விளையாட்டு. 1997 தொடக்கத்தில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் ஆட்கள் தொலைக்காட்சியில் செஞ்சு காட்டினது விளையாட்டு இல்லை. பக்கத்தைப் பார்த்தவரின் கணினியில் க்விக்கன் என்கிற கணக்கு நிரல் இருந்தா, அதுக்குள்ள சத்தமில்லாம ஒரு பணமாற்று உத்தரவை எழுதி வச்சுடும். அடுத்த முறை அவர் வங்கிக்கு அனுப்பும்போது அதுவும் சேர்ந்து போயிடும். 2001 ஜனவரியில் இன்னும் மோசம். 'மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்' என்ற பேரிலேயே ரெண்டு சான்றிதழை வெரிசைன் யாரோ ஒரு ஆசாமிக்குக் கொடுத்துட்டது. மார்ச்சில்தான் ஊருக்குத் தெரிஞ்சது. பெட்டியை ஒழுங்காப் படிச்சு, மைக்ரோசாஃப்ட் பேரைப் பார்த்து 'ஆம்' அமுக்கும் பொறுப்பான ஆளையே அதை வச்சு ஏமாத்தியிருக்கலாம்.

படிக்கிற ஆளே கொஞ்சம்தான் என்பது வேற விஷயம். ஏன் படிக்கணும்? தளங்களின் உதவிப் பக்கங்களே என்ன சொல்லிக் கொடுத்தன? "ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும், கவலைப்படாமல் 'ஆம்' என்று சொடுக்கவும்." இந்த வாக்கியத்தை எத்தனை தளத்தில், எத்தனை மொழியில் பார்த்திருப்போம்! எச்சரிக்கை வந்தா கவலைப்படாதேன்னு பாடம். 2004 ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்து, பெட்டிக்குப் பதிலா மேலே மஞ்சள் பட்டை காட்ட ஆரம்பிச்சது. உடனே உதவிப் பக்கங்களும் மாறின: "மேலே மஞ்சள் பட்டை தெரியும், அதைச் சொடுக்கி அனுமதிக்கவும்." பூட்டு மாறும்போதெல்லாம் சாவியையும் பக்கத்திலேயே தொங்கவிட்டாங்க.

* * *

இந்த இடத்தில் நம்ம வீட்டுக் கதைக்கு வரணும். தமிழ் இணையத்தில் அப்ப ஓரளவு உலாவினவங்களுக்கு இந்த அறிவிப்பு ஃப்ளாஷை விட வேற ஒரு விஷயத்துக்காகத்தான் அதிகம் பழக்கம். எழுத்துரு!

எழுத்துரு செருகுநிரல் இல்லைதான். ஆனா படிக்க வந்தவரிடம் கேட்ட வேலை அதேதான். ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இருந்தாலும், அது எல்லார் வீட்டுப் பொட்டியிலும் வேலை செய்ய இன்னும் பத்து வருடத்துக்கு மேல ஆச்சு. அதுவரை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைஞ்சு வச்ச எழுத்துருக்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப்னு தமிழக அரசு தரப்படுத்தியது. இணையத் தமிழர்கள் கூடி டிஸ்கின்னு ஒண்ணு செஞ்சாங்க. இதெல்லாம் போக பத்திரிகைக்கு ஒண்ணு, தளத்துக்கு ஒண்ணுன்னு எழுத்துரு. எழுத்துரு இல்லாம திறந்தா, ஆங்கில எழுத்தும் ஐரோப்பிய எழுத்தும் கலந்து யாரோ விசைப்பலகை மேல உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. 'எழுத்து தெரியவில்லையா? இதை இறக்கிக்கொள்ளுங்கள்' என்ற அறிவிப்பை எந்த எழுத்தில் எழுதுறது? தமிழில் எழுதினா அதுவும் தெரியாது! அதனால அந்த ஒரு வரியை மட்டும் படமா வரைஞ்சு போடுவாங்க, இல்லைன்னா ஆங்கிலத்தில் எழுதுவாங்க. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்கு, தமிழ்ப் பக்கத்தின் வாசலில் ஆங்கிலத்தில் வழிகாட்டல். அதுவும் என்ன மாதிரி வழிகாட்டல்? கோப்பை இறக்கு, ஜிப்பைப் பிரி, கன்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் அடைவுக்குள் போடு, உலாவியில் என்கோடிங்கைப் 'பயனர் வரையறுத்தது'ன்னு மாத்து. அமெரிக்காவில் மகன் அமைச்சுக் கொடுத்துட்டுப் போன பொட்டியில் நாளிதழ் படிக்கிற பெரியவர் ஒருத்தர், அடுத்த முறை விண்டோஸைத் திரும்ப நிறுவும் வரைக்கும்தான் வாசகர்.

பிரவுசிங் சென்டர் வாசகர் கதி அதையும் விடக் கஷ்டம். மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்தவர் முதல் கால் மணி நேரத்தை எழுத்துருவுக்கே செலவழிச்சதை நான் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கேன். பல சென்டர்களில் எதையும் நிறுவ விடமாட்டாங்க. விட்டாலும் பொட்டியை அணைச்சுப் போட்டா பழைய நிலைக்கே திரும்பும்படி நிரல் போட்டு வச்சிருப்பாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. 'ஆம்' அமுக்குற கைகள் எத்தனை வந்து போகும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

இதுக்கு மருந்தா வந்தது இயங்கு எழுத்துரு. 1997-ல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் 4-ல் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக், எக்ஸ்ப்ளோரர் 4-ல் மைக்ரோசாஃப்டின் வெஃப்ட். பக்கத்தோடு எழுத்துருவும் தானா இறங்கி வந்துடும், வாசகர் ஒண்ணும் செய்ய வேண்டாம். தமிழ்த் தளங்கள் இதைச் சந்தோஷமாப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டு வகையையும் சேர்த்துப் போட்டு வச்ச தளங்கள் நிறைய. ஆனா 2000-ல் வந்த நெட்ஸ்கேப் 6-லும் அதே மொசில்லா அடித்தளத்திலிருந்து வளர்ந்த நெருப்புநரியிலும் ட்ரூடாக் இல்லை. வெஃப்ட் வகை எக்ஸ்ப்ளோரரைத் தாண்டி எங்கும் வேலை செய்யாது. அதனால 2004-க்கு அப்புறம் நெருப்புநரிக்கு மாறின நம்ம ஆட்களுக்குப் பழையபடி ஜிலேபி எழுத்து. அப்ப கைகொடுத்தது பத்மான்னு ஒரு நீட்சி. பழைய குறியீட்டுப் பக்கங்களை உலாவிக்குள்ளேயே ஒருங்குறியா மாத்திக் காட்டியது. அதையும் "இதை நிறுவிக்குங்க"ன்னு நம்மளேதான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம் :-)

ஒருங்குறிக்கே எக்ஸ்பியில் ஒரு நிறுவல் வேலை இருந்தது, ஞாபகம் இருக்கா? ரீஜனல் செட்டிங்ஸில் போய் சிக்கல் எழுத்து மொழிகளுக்கான கட்டத்தைத் தேர்ந்தெடுக்கணும். அது விண்டோஸ் குறுந்தகட்டைப் போடச் சொல்லும். அப்ப எத்தனை வீட்டில் அசல் குறுந்தகடு இருந்தது என்பதைப் பத்தி இங்கே பேச வேண்டாம்.

* * *

எல்லா உதவிப் பக்கமும் மோசம்னு சொல்ல மாட்டேன். பிபிசி, வெப்வைஸ்னு புதியவர்களுக்கான தனிப் பகுதியே வச்சிருந்தது. தமிழோசையை இணையத்தில் கேட்கவே ரியல்பிளேயர் வேணும். 1995-ல் ரியல்ஆடியோ வந்த காலத்திலிருந்து ஒலின்னா அதுதான். நல்ல பக்கங்கள் நாலு விஷயத்தைச் சொல்லும்: இது யார் செஞ்சது, எவ்வளவு பெரிசு, காசு கேட்குமா, வேலை செய்யுதான்னு சோதிக்க ஒரு சின்னத் துண்டு. கூடவே இது இல்லாமலும் அதே செய்தியை எழுத்தில் படிக்க ஒரு சுட்டி. இந்தக் கடைசிச் சுட்டிதான் எனக்கு முக்கியம். அது இருந்தா 'இல்லை' அமுக்கவும் வழி உண்டு. அது இல்லாத பக்கத்தில் கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் அது கேள்வியே இல்லை.

ரியல்பிளேயரையே எடுத்துக்கிட்டா, நிறுவச் சொன்ன தளத்துக்கும் நிறுவினபின் நடந்ததுக்கும் சம்பந்தமில்லை. 2008 ஜனவரியில் ஸ்டாப்பேட்வேர் அமைப்பு அதன் 10.5, 11 பதிப்புகளைத் தீநிரல் பட்டியலில் சேர்த்தது. விளம்பரச் செய்தி காட்டும் பகுதி உண்டுன்னு சரியாச் சொல்லாம நிறுவுது என்பது ஒரு குற்றச்சாட்டு. நம்பிப் போட்டது, கேட்காததையும் கூட்டிக்கிட்டு வரும் காலம் அது.

இதுக்கு நடுவில் ஒரு வழக்கு வந்து அறிவிப்பையே இன்னும் கோமாளித்தனமா ஆக்கியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் டாய்லும் சகாக்களும், பக்கத்துக்கு உள்ளேயே வேற நிரலை ஓட்டுறது தங்கள் கண்டுபிடிப்புன்னு 1994-ல் விண்ணப்பிச்சு 1998-ல் காப்புரிமை வாங்கினாங்க. அவரது ஈயோலாஸ் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மேல வழக்குப் போட்டு, 2003 ஆகஸ்டில் ஜூரி 52 கோடி டாலருக்கு மேல கொடுக்கச் சொன்னது. மைக்ரோசாஃப்ட் என்ன பண்ணுச்சு? செருகுநிரல் 'தானா' ஓடினாத்தானே காப்புரிமைக்குள் வரும்னு, 2006-ல் எக்ஸ்ப்ளோரரை மாத்திடுச்சு. ஃப்ளாஷ் படத்தைச் சுத்தி ஒரு சாம்பல் கட்டம், 'இதை இயக்கச் சொடுக்கவும்'னு ஒரு குறிப்பு. ஏற்கெனவே நிறுவின நிரலுக்கு மறுபடி ஒரு சொடுக்கு! வந்தவருக்கு ஏன்னே தெரியாது. எந்தத் தளமும் "சிகாகோவில் ஒரு வழக்கு நடக்குதுங்க"ன்னு விளக்கலை. தளம் வச்சிருந்தவங்க ஜாவாஸ்கிரிப்ட் வழியா சுத்தி வளைச்சு அந்தச் சொடுக்கைத் தவிர்த்தாங்க. 2007-ல் சமரசமாகி, 2008 ஏப்ரலில் அந்தக் கட்டம் மறைஞ்சது. 2012-ல் டெக்சாஸில் வேற கம்பெனிகள் மேலான வழக்கில், வலையை உருவாக்கின டிம் பெர்னர்ஸ்-லீ வரை வந்து சாட்சி சொல்லி, காப்புரிமை செல்லாதுன்னு தீர்ப்பாச்சு. அந்த ரெண்டு வருடத்தில் உலகம் பூரா அமுக்கின வெட்டிச் சொடுக்குகளுக்கு யார் நஷ்டஈடு கொடுக்கிறது?

* * *

பழக்கத்தை அறுவடை பண்ணினது வேற ஆட்கள். 2005-லிருந்து ஸ்லாப்னு ஒரு தீநிரல் பரவியது. தந்திரம் ரொம்ப எளிமை. ஒரு படச் சட்டம், நடுவில் "இந்தப் படத்தைப் பார்க்கக் கோடெக் தேவை, இங்கே சொடுக்கவும்". 2008-ல் கூப்ஃபேஸ் என்பது ஃபேஸ்புக் நண்பர் பேரில் ஒரு வீடியோ சுட்டி அனுப்பும். போனா "உங்க ஃப்ளாஷ் பழசு, புதுப்பிக்கவும்". 2011-ல் ஆப்பிள் பொட்டிகளில் வந்த ஃப்ளாஷ்பேக், பேரிலேயே சொல்ற மாதிரி ஃப்ளாஷ் நிறுவி வேஷத்தில் வந்தது. அப்புறம் ஜாவா ஓட்டை வழியா 2012-ல் ஆறு லட்சம் மேக் கணினிகள் வரை போச்சு.

பாருங்க, இதில் எதுவும் புது வித்தை இல்லை. அறிவிப்பின் வாசகம், பொத்தான், லோகோ எல்லாம் பத்து வருடமா நல்ல தளங்கள் சொல்லிக் கொடுத்தது. ஏமாந்தவங்களை 'விவரமில்லாதவங்க'ன்னு நம்ம பொட்டி தட்டுற கூட்டம் கிண்டல் பண்ணுறது வழக்கம். எனக்கு அது ஒப்புதலில்லை. அவங்க சொல்லிக்கொடுத்தபடிதான் செஞ்சாங்க. உண்மையான ஃப்ளாஷ் அறிவிப்புக்கும் பொய்யானதுக்கும் கண்ணால பார்த்து வித்தியாசம் சொல்ல எந்தத் தளம் கத்துக்கொடுத்தது?

ஓரளவு உருப்படியா யோசிச்சது மொசில்லா. 2009 செப்டம்பரில் நெருப்புநரி 3.5.3-க்குப் புதுப்பிச்சதும் திறக்கிற பக்கத்திலேயே "உங்க ஃப்ளாஷ் பழசு"ன்னு எச்சரிச்சது. அடுத்த மாதமே எல்லாச் செருகுநிரலையும் சோதிச்சுச் சொல்ற பக்கம். கேட்கிறவன் யாரோ ஒரு தளத்துக்காரன் இல்லை, உலாவியே. அது பெரிய மாற்றம். 2010-ல் க்ரோம் ஒரு படி மேல போய் ஃப்ளாஷைத் தன்னோடயே சேர்த்துக் கொடுத்து, தானே புதுப்பிச்சுக்கிச்சு. வந்தவரிடம் எதையும் கேட்காம இருக்கிறதுதான் சிறந்த உதவின்னு அப்பத்தான் புரிய ஆரம்பிச்சது.

இந்தப் பாடத்துக்கு அதிக விலை கொடுத்த நாடு தென்கொரியா. 1990-களில் பலமான மறையாக்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கா தடை வச்சிருந்தது. உலாவிகளில் 40 பிட்தான் கிடைக்கும். அதை நம்பி வங்கி நடத்த முடியாதுன்னு கொரியாக்காரங்க சீட் என்ற சொந்த மறையாக்கத்தைச் செஞ்சாங்க. நியாயமான முடிவுதான். ஆனா உலாவிக்கு அது தெரியாதே? ஆக்டிவ்எக்ஸ்! அரசாங்கம் அங்கீகரிச்ச சான்றிதழும் அதே வழியில். கொஞ்ச காலத்தில் தடை தளர்ந்துடுச்சு, ஆனா பழக்கம் சட்டமாயிடுச்சு. வங்கிக்குப் போனா மூணு நாலு நிரல் நிறுவணும், கடையில் சட்டை வாங்கவும் நிறுவணும். எக்ஸ்ப்ளோரர் இல்லாதவன் அந்த நாட்டில் இணையக் குடிமகனே இல்லை. கிம் கீசாங் என்ற சட்டப் பேராசிரியர் ஓப்பன்வெப்னு இயக்கம் நடத்தி, வழக்கும் போட்டுத் தோத்தார். கடைசியில் அசைச்சது ஒரு டிவி தொடர். 2014-ல் சீனாவில் சக்கைப்போடு போட்ட கொரியத் தொடரின் நாயகி போட்ட கோட்டை, சீன ரசிகைகள் கொரியத் தளத்தில் வாங்க முடியலைன்னு அப்போதைய அதிபர் பார்க் குன்-ஹே கூட்டத்தில் பேசினார். அந்த வருடமே கடைகளில் சான்றிதழ் கட்டாயம் போச்சு. வங்கி உட்பட மத்த இடங்களில் அந்தச் சான்றிதழுக்கு இருந்த தனி அந்தஸ்து போக 2020 டிசம்பர் ஆச்சு.

ஆக்டிவ்எக்ஸ் போனாலும் தொல்லை முழுக்கப் போகலை. உலாவிக்குள் சொருக முடியாததால தனி நிரலாவே நிறுவச் சொல்லி, அது கணினிக்குள்ளேயே உட்கார்ந்து உலாவியோடு பேசும் ஏற்பாடு வந்தது. 2023 ஜனவரியில் விளாடிமிர் பாலன்ட் என்ற ஆய்வாளர் அந்தக் கொரிய நிரல்களை ஆராய்ஞ்சு, விசைத் திருட்டைத் தடுக்கும் நிரலே விசைத் திருட்டுக்கு உதவுற அளவுக்கு ஓட்டைன்னு எழுதினார். டிஜிட்டல் கையொப்பம் போடும் நம்ம ஊர் ஆடிட்டர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாத் தெரியாது. முதலில் ஜாவா, இப்ப தனி நிரல்.

* * *

முடிவு வேகமா வந்தது. 2007-ல் ஐஃபோன் ஃப்ளாஷ் இல்லாம வந்தது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏன் இல்லைன்னு பகிரங்கக் கடிதம் எழுதினார். 2013 ஜனவரியில் ஜாவாவை உலாவியில் முடக்கி வைங்கன்னு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே சொன்னது. 2015 ஜனவரியில் யூட்யூப் ஃப்ளாஷை விட்டு எச்டிஎம்எல்5-க்கு மாறியது. அதே வருடம் க்ரோம் என்பிஏபிஐ துளையை அடைச்சது. 2017-ல் நெருப்புநரி ஃப்ளாஷுக்கு மட்டும் விட்டு மீதியை அடைச்சது. 2017 ஜூலையில் அடோபி நாள் குறிச்சது. 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிஞ்சு, 2021 ஜனவரி 12-லிருந்து ஃப்ளாஷ் தானே தன்னை ஓட விடாம நிறுத்திக்கிச்சு. தென்னாப்பிரிக்க வருமான வரித் துறை, படிவங்கள் இன்னும் ஃப்ளாஷில் இருந்ததால, அதை ஓட்டுறதுக்குன்னே அந்த மாதம் ஒரு சொந்த உலாவியை வெளியிட்டது! சிரிக்கிறதா அழறதா.

அந்தக் கடைசி மாதங்களில் ஃப்ளாஷ் காட்டின பெட்டிதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடிச்ச அறிவிப்பு. இனி இது வேலை செய்யாது, பாதுகாப்புத் திருத்தமும் வராது, அதனால நீக்கிடுங்க, இதோ நீக்கும் பொத்தான். இருபத்தைந்து வருடத்தில் என்ன, ஏன், எப்படி மூணையும் தெளிவாச் சொன்ன அறிவிப்பு, கடைசியில் கழட்டுறதுக்குத்தான் வந்தது.

இப்ப பழைய ஃப்ளாஷ் விளையாட்டைப் பார்க்கணும்னா இன்டர்நெட் ஆர்க்கைவில் ரஃபிள் என்ற நிரல் வழியா உலாவியிலேயே ஓடுது, 2020 நவம்பரிலிருந்து. வர்றவர் எதையும் நிறுவ வேண்டாம், அந்த வேலையைத் தளமே பார்த்துக்குது. 1996-லேயே இப்படி முடிஞ்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு தோணும், ஆனா அன்னிக்கு இருந்த கணினிகளுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

நம்ம பழைய எழுத்துருப் பக்கங்களுக்கு ரஃபிள் மாதிரி ஒண்ணு வரலை. டிஸ்கி, டாப் மாதிரி ஊரறிஞ்ச குறியீடுகளுக்கு மாத்தி இருக்கு. பத்து இதழ் நடத்திட்டு மூடின தளங்களின் சொந்த எழுத்துருக்களுக்கு, எந்த ஆங்கில எழுத்தின் இடத்தில் எந்தத் தமிழ் வடிவம் இருந்ததுன்னு தெரிய அந்த எழுத்துருக் கோப்பே வேணும். உங்க பழைய வன்தட்டிலோ குறுந்தகட்டிலோ ஃபான்ட்ஸ் அடைவில் பேர் தெரியாத தமிழ் எழுத்துரு ஏதாவது கிடந்தா, இடத்தை அடைக்குதேன்னு அழிச்சிடாதீங்க. ஐம்பது, அறுபது கேபிதான் இருக்கும்.